வன்தட்டின் வாயிலும் அதன் திறவுகோலும்: ஒரு கணினியிற் பல பணிசெயல் முறைமைகள்

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரு பணிசெயல் முறைமைகளையும் வைத்திருப்போர் இன்று பலர். மின்னூட்டப்பட்ட கணினி அவற்றுள் எதனை எழுப்புதல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார்? தொழில்நுட்பம் சார்ந்த இவ்வினாவினுள் உரிமை சார்ந்த வினாவொன்றும் உறைந்துள்ளமையை இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஐ.பி.எம். கம்பனி 1983இல் தனது எக்ஸ்.ரி. கணினியில் வன்தட்டைச் சேர்த்தபோது வழக்கிற்கு வந்த ஒழுங்கே எம்.பி.ஆர். எனப்படுவது. தட்டின் முதற் செக்ரர் 512 பைற்றுக்களைக் கொண்டது. அதில் 446 பைற்றுக்கள் தொடக்கும் நிரலுக்கும், 64 பைற்றுக்கள் நான்கு பிரிவுகளின் அட்டவணைக்கும், எஞ்சிய இரண்டு அடையாளக் குறிக்கும் உரியன. கணினியின் பயோஸ் இச்செக்ரரை நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இடமோ ஒன்றே. ஆகவே இறுதியாக நிறுவப்பட்ட முறைமை முன்னையதன் நிரலை அழித்துத் தன்னுடையதை எழுதியது. விண்டோசைப் பின்னர் நிறுவியோர் தமது லினக்ஸ் மறைந்துபோனதாக மயங்கியது இதனாலேயே. அழிந்தது வாயில் மட்டுமே, வீடு அப்படியே இருந்தது.

லினக்ஸின் பழைய தொடக்கியான லிலோ, கருநிரல் தட்டில் எவ்விடத்தில் உள்ளதென முன்கூட்டியே குறித்துவைத்தது; கருநிரலை மாற்றியவர் லிலோவை மீண்டும் இயக்க மறந்தால் கணினி எழாது. அடுத்து வந்த கிரப், கோப்புக்களைத் தானே வாசிக்க வல்லது. ஆயின் அத்தகு திறன் 446 பைற்றுக்களுள் அடங்காதாகையால், அது முதற் பிரிவுக்கு முன்னர் வெறுமையாய்க் கிடந்த செக்ரர்களில் தன் மீதியை வைத்துக்கொண்டது. எவர் பெயரிலும் உறுதி எழுதப்படாத காணியிற் குடிசை போட்டதற்கு இது ஒப்பாகும். மேலும், செக்ரர் எண்ணுக்கு 32 பிற்றுக்களே ஒதுக்கப்பட்டிருந்தமையால், 512 பைற்றுச் செக்ரர்களைக் கொண்ட தட்டில் ஏறக்குறைய 2.2 ரெராபைற்றுக்கு அப்பால் இவ்வொழுங்கு செல்ல இயலாது.

வாயிலுக்கான போட்டி பயனாளரின் மேசையோடு நின்றுவிடவில்லை. யப்பானின் ஹிற்றாச்சி கம்பனி விண்டோசோடு பீஓஎஸ் எனும் முறைமையையும் நிறுவிக் கணினிகளை விற்றபோது, தொடக்கத்தில் தோன்றவேண்டிய தெரிவுப் பட்டியல் தோன்றவில்லை. உற்பத்தியாளருடன் மைக்ரோசொவ்ற் செய்த உரிம ஒப்பந்தங்களே இத்தகைய நிலைக்குக் காரணமெனக் குற்றஞ்சாட்டி, பீ நிறுவனம் 2002இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாமலே 2003இல் 2 கோடியே 32½ இலட்சம் டொலர் செலுத்தி மைக்ரோசொவ்ற் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதற்குள் பீ நிறுவனம் தன் உடைமைகளை விற்றுவிட்டிருந்தது.

இன்ரெல் கம்பனி தொடங்கி, 2005 முதல் பல கம்பனிகள் கூடிய மன்றமொன்று பேணிவரும் யு.இ.எவ்.ஐ. எனும் நிலைபொருள் பயோசின் இடத்தைப் பெற்றது. அதனோடு வந்த தட்டொழுங்கு ஜி.பி.ரி. ஆகும். வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடந்தரும் இதன் அட்டவணைக்குத் தட்டின் இறுதியிற் பிரதியொன்றும் உண்டு. செக்ரர் எண் 64 பிற்றுக்களாக விரிந்துள்ளது. பழைய கருவிகள் தட்டை வெறுமையென எண்ணி அழித்துவிடாதிருக்க, முதற் செக்ரரில் காவற்பதிவொன்று வைக்கப்பட்டது. எமது நோக்கில் முதன்மையான மாற்றம் வேறொன்று: நிலைபொருளே கோப்புக்களை வாசிக்கின்றது. அதற்கென ஒதுக்கிய சிறு பிரிவில் ஒவ்வொரு முறைமையும் தனக்கெனக் கோப்புறையை அமைத்துத் தன் தொடக்கியை வைக்கலாம். அவற்றின் வரிசை தாய்ப்பலகையின் அழியா நினைவகத்தில் இருக்கும். விண்டோஸ் தன்னை முதலிடத்தில் இருத்திக்கொள்ளலாம். எனினும் மற்றையதன் கோப்பு அழிவதில்லை.

இரு ஒழுங்குகளும் கலக்குமிடத்திலேயே இடர்கள் மிகுதி. விண்டோஸ் ஜி.பி.ரி. தட்டிலிருந்து யு.இ.எவ்.ஐ. வழியாகவும், எம்.பி.ஆர். தட்டிலிருந்து பயோஸ் வழியாகவும் மட்டுமே தொடங்கும். லினக்ஸ் இத்துணை இறுக்கமுடையதன்று. பயோஸ் கணினியிலும், ஜி.பி.ரி. தட்டில் கிரப்புக்கென ஏறத்தாழ ஒரு மெகாபைற்றுப் பிரிவை ஒதுக்கினால் அது தொடங்கிவிடும். குடிசைக்கு இங்கு உறுதி கிடைத்துவிடுகின்றது. இருவழியும் அறிந்த கணினியில் ஒரு முறைமையைப் பயோஸ் வழியிலும் மற்றையதை யு.இ.எவ்.ஐ. வழியிலும் நிறுவினால், ஒன்றன் தொடக்கி மற்றையதை எழுப்பமாட்டாது. நிறுவும் முன் இரண்டுக்கும் ஒரே வழியைத் தெரிவதே தக்கது.

வாயில்கள் பலவாகிய பின்னர் பூட்டு வந்தது. 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவலாகிய பாதுகாப்புத் தொடக்கம், கையொப்பமிடப்பட்ட தொடக்கிகளையே அனுமதிப்பது. தீநிரல்கள் வாயிலிற் புகுவதை அது தடுக்கின்றது என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் பெரும்பாலான கணினிகளில் உள்ள திறவுகோல் மைக்ரோசொவ்றினுடையது. லினக்ஸ் வழங்குநர் ஷிம் எனும் சிறு நிரலுக்கு அக்கம்பனியின் கையொப்பத்தைப் பெறவேண்டியவராயினர். 2024 ஓகஸ்ற்றில் வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, பழைய லினக்ஸ் தொடக்கிகளின் அனுமதியை இரத்துச்செய்தது. இரு முறைமைகள் உள்ள கணினிகளை அது தீண்டாது எனக் கூறப்பட்டிருந்தும், அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழ மறுத்தது. பாதுகாப்புத் தொடக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, புதிய தடைப்பதிவை நீக்கியே அவை மீட்கப்பட்டன. நிறுத்தும் ஆளி உரிமையாளர் கையில் இருந்தமையாலேயே அது இயன்றது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் ஆர்.ரி. கணினிகளில் அவ்வாளி உரிமையாளருக்கு வழங்கப்படவில்லை.