பூட்டிய கதவுக்குக் கூலி யாருக்கு?

மண்டபத்தூர் மீனவத் தோழர் ஒருவர் சென்ற வாரம் ஒரு சீட்டைக் கொண்டுவந்து நம் மேசைமீது வைத்தார். “வீடு பூட்டியிருந்தது. வருகைக் கட்டணம் ரூ. 350.” அவ்வளவுதான் அதிலிருந்த வாசகம். வீட்டுப் பிரிட்ஜைப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்ட கம்பெனி அனுப்பிய சீட்டு அது.

“ஒரு திருகாணியைக்கூடத் திருப்பாதவனுக்கு எதுக்குங்க காசு? நீங்களே சொல்லுங்க தோழர்!” என்று கேட்டார். உடனிருந்த நாலைந்து பேரும் “அதானே!” என்றார்கள். நாம் மட்டும் “அதானே” சொல்லவில்லை. தோழருக்கு நம்மீது வருத்தம்தான். ஆனாலும் நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டுப் பேசுவோம் என்றோம்.

நடந்தது இது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் ஆள் வரும் என்று கம்பெனிக்காரர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். தோழர் அன்று கடலுக்குப் போகவில்லை. போகாதவருக்குப் படகில் பங்கு கிடையாது என்பதைக் கடற்கரைத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்மையாரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றாயிற்று, இரண்டாயிற்று, நாலாயிற்று. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. மறுபடி கேட்டபோது, “வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி, தவறாது” என்றார்கள். வெள்ளியன்று விடியுமுன் படகேறிய தோழர் பதினோரு மணிக்குக் கரை சேர்ந்துவிடலாம் என்று நினைத்தார். காற்று எதிர்த்தது. கரை சேர மணி இரண்டு. அம்மையார் மீன் விற்கக் காரைக்காலுக்குப் போயிருந்தார். வீடு பூட்டிக்கிடந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சரியாக மெக்கானிக் வந்திருக்கிறார். காரைக்கால் நகரத்திலிருந்து கோட்டுச்சேரி வழியாகச் சொந்த மோட்டார் சைக்கிளில், சொந்தப் பெட்ரோலில் வந்தவர். பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார். தோழரின் போனை நாலு தடவை அழைத்திருக்கிறார். நடுக்கடலில் போன் எங்கே எடுக்கும்? முக்கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமைப் பிழை நம் தோழருடையதே. கடலின்மீது பழியைப் போடலாம். அதற்காக மெக்கானிக் நின்ற முக்கால் மணி நேரம் திரும்பி வந்துவிடாது.

“வேலை நடக்கவில்லை, ஆகவே கூலி இல்லை.” தோழர்களே, இந்த வாதம் யாருடைய வாதம்? நமக்கு இது புதிதா? மழை பிடித்துக்கொண்டது என்று வரப்பிலிருந்தே நடவு ஆட்களைத் திருப்பியனுப்பிய மிராசுதாரின் வாதமல்லவா இது! பஞ்சு வரவில்லை, மின்சாரம் இல்லை என்று ஆலை வாசலிலே ஆட்களை நிறுத்திவைத்த முதலாளியின் வாதமல்லவா! வந்து நின்றவனுடைய நேரத்துக்கு விலையே இல்லை என்று அவர்கள் சொன்னபோது, “உண்டு, உண்டு!” என்று கத்தித் தொண்டை வறண்டவர்கள் நாம்தானே?

துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்று விடியற்காலையில் மேஸ்திரியின் முகம் பார்த்து வாசலில் நின்ற கூட்டம் அது. 1948ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன்கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களுக்கு 1956ல் திட்டங்கள் வகுக்கப்பட்டன. பதிவு பெற்ற தொழிலாளி நேரத்துக்கு வந்து நின்று, வேலை இல்லையென்றால் அவனுக்கு வருகைப் படி உண்டு என்றாயிற்று. இன்னொன்றும் அவற்றில் இருந்தது. வேலைக்கென்று வரவழைத்து, வந்தபின் வேலை தொடங்க முடியாமல் இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பியனுப்பினால் பாதிக் கூலி. அதற்குமேல் நிறுத்திவைத்தால் முழுக் கூலி. அந்தப் பாதிக் கூலிக்குச் சட்டத்திலே வைத்த ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘ஏமாற்றப் பணம்’ என்று வரும். ஏமாந்து திரும்பியவனுக்குத் தரும் பணம்! சர்க்கார் காகிதங்களில் இவ்வளவு பொருத்தமான பெயரை நாம் அதிகம் பார்த்ததில்லை.

ஆலைத் தொழிலாளருக்கும் 1953ல் தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தி லே-ஆப் நஷ்ட ஈடு வந்தது. குறித்த நேரத்தில் வந்து நின்றவனுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால் அன்று அவன் லே-ஆப் செய்யப்பட்டவன் என்று எழுதினார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பை நாம் பல காரணங்களுக்காகக் குறை சொல்லலாம். இந்த இரண்டு மணி நேரக் கணக்கை அதுவும் தள்ளிவிடவில்லை.

ஆகவே வேப்பமரத்தடியில் நின்ற அந்தத் தம்பிக்கு நம் தோழர் கடன்பட்டவர். இதிலே நமக்கு ஐயமில்லை.

“அப்போ 350 ரூபாயைக் கட்டிடச் சொல்றீங்களா?” என்றார் தோழர். அதுதான் இல்லை! அந்தத் தம்பியையே கூப்பிட்டுக் கேட்டோம். முதலில் தயங்கினார். பிறகு சொன்னார்: “அண்ணே, வேலை முடிஞ்சாத்தான் எனக்குக் காசு. பூட்டின வீட்டுக்கு ஒண்ணும் கிடையாது. பெட்ரோலும் என் கணக்குதான். அந்த 350 கம்பெனி போடுறது; எனக்கு அதுல பைசா வராது.”

கேட்டீர்களா? வெயிலில் நின்றவர் ஒருவர். நின்றதற்கு வசூலிப்பவர் வேறொருவர்! உழைப்பாளியின் ஏமாற்றத்தைக்கூடச் சரக்காக்கி விற்கிறார்கள். நாம் தகராறு செய்ய வேண்டியது தம்பியின் கூலியோடு அல்ல, இந்தச் சீட்டோடு.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே காரைக்காலுக்கென்று ஒரு கதை உண்டு. 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த மண் இது. 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1152வது விதி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அதற்குமேலும் இல்லை, அதற்குக் கீழும் இல்லை என்றது. எழுதியது எழுதியதுதான்; நீதிபதியும் கைவைக்க முடியாது. எளியவன் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது கதை. மிதமிஞ்சிய தொகையை நீதிபதி குறைக்கலாம் என்று பிரான்சே 1975ல்தான் திருத்திக்கொண்டது. அதற்குள் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் புதுவைப் பகுதிகளுக்கு நீட்டப்பட்டுவிட்டது. அதன் 74வது பிரிவு வேறு மாதிரிப் பேசுகிறது. எழுதிய தொகை உச்சவரம்புதான். கிடைக்கக்கூடியது அதற்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈடு மட்டுமே. 1963ல் பதேசந்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

அதே சட்டத்தின் 47வது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. குறித்த நாளில் சரக்கைக் கிடங்குக்குக் கொண்டுபோகிறான் ஒருவன். ஆனால் கிடங்கு அடைக்கும் வேளை கடந்தபின் போகிறான். சரக்கை வாங்க ஆளில்லை. அவன் சொன்ன சொல்லை நிறைவேற்றியவனாக மாட்டான் என்கிறது சட்டம். நாள் தவறாவிட்டாலும் வேளை தவறியதற்கே இந்தத் தீர்ப்பு என்றால், செவ்வாய்க்கிழமை நாளையே தவறவிட்ட கம்பெனிக்கு என்ன பெயர்?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் விதிப்பதை நியாயமற்ற ஒப்பந்தம் என்றே சொல்கிறது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்: நியாயமற்ற ஒப்பந்தம் என்று முறையிட மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். 350 ரூபாய்க்காக மண்டபத்தூர்க்காரர் புதுவைக்கு பஸ் ஏறினால் இன்னொரு நாள் பங்கும் போயிற்று!

பிரிட்டனில் தொலைபேசி, இணையக் கம்பெனிகளின் ஆள் சொன்ன நேரத்தில் வராவிட்டால், கேட்காமலேயே 25 பவுன் கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாடு 2019 ஏப்ரலில் வந்தது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கம்பெனிகளுக்குத்தான் அது பொருந்தும் என்றாலும், காத்திருந்த வீட்டுக்காரரின் நேரத்துக்கும் விலையுண்டு என்று ஒப்புக்கொண்டார்களே! நம் நாட்டுச் சீட்டுகளில் வீட்டுக்காரர் வராததற்குக் கட்டணம் அச்சடித்திருக்கிறது. கம்பெனி ஆள் வராததற்கு எந்த மூலையில் அச்சடித்திருக்கிறது? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். இல்லை.

தொழிலாளியோ இரண்டு பக்கமும் அடிபடுகிறார். 2021 அக்டோபரில் டில்லியை அடுத்த குருகிராமில், வீடு தேடிச்சென்று அழகுக்கலை வேலை செய்யும் பெண்கள் அர்பன் கம்பெனி அலுவலகத்தின் முன் திரண்டார்கள். கம்பெனி பிடிக்கும் கமிஷனும், வேலையை ரத்துசெய்தால் விதிக்கும் அபராதமும் அவர்களுடைய குறைகளில் இருந்தன. டிசம்பரில் மீண்டும் திரண்டபோது கம்பெனி அவர்கள்மீதே கோர்ட்டுக்குப் போயிற்று. வீடு தேடி வரும் அந்தத் தோழியர் நிலையும் நம் மெக்கானிக் தம்பியின் நிலையும் ஒன்றுக்கொன்று தூரமில்லை.

தோழர் கடைசியில் செய்ததைச் சொல்லிவிடுகிறோம். மெக்கானிக் தம்பியின் பெட்ரோலுக்கும் முக்கால் மணி நேரத்துக்கும் கணக்குப்போட்டு 150 ரூபாயை அவர் கையிலேயே கொடுத்தார். “வேணாம்ணே” என்று பின்வாங்கினார் தம்பி. “புடி தம்பி. நான் வலை போட்டு வெறுங்கையோட வந்தா டீசல்காரன் சும்மாவா விடுறான்?” என்று சட்டைப்பையில் திணித்தார்.

கம்பெனிக்கு ஒரு கடிதமும் போயிற்று. எழுதியவர்கள் நாம், கையெழுத்து அவர். இந்த 350 ரூபாயை எந்த நாளில், எந்தச் சொல்லால் முன்கூட்டிச் சொன்னீர்கள்? இதில் வந்து நின்ற தொழிலாளிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகாமல் உங்களுக்காகக் காத்திருந்தவருக்கு எவ்வளவு கொடுக்கப்போகிறீர்கள்?

பத்தாம் நாள் பதில் வந்தது. “வாடிக்கையாளர் நலன் கருதி” 350 ரூபாயைத் தள்ளுபடி செய்கிறார்களாம். தொழிலாளியின் பங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை, செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. இரண்டாவது கடிதம் நேற்றுத் தபாலில் சேர்க்கப்பட்டது. இம்முறை தோழரின் கையெழுத்துக்குக் கீழே மெக்கானிக் தம்பியும் தம் பெயரை எழுதினார்.