வெளிநாட்டுச் சட்டை, உள்ளூர்த் தையல்

பெங்களூரில் பீன்யா என்ற பகுதி இருக்கிறது. அங்கே தையல் ஆலைகள் அதிகம். காலையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கையில் சாப்பாட்டு டப்பா இருக்கும். பலர் சுற்றுப்பக்கக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்.

அவர்கள் தைக்கும் சட்டைகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. சட்டையில் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் ஆலை அந்தக் கம்பெனியுடையது அல்ல. எந்தத் துணி, என்ன அளவு, எந்தப் பொத்தான் என்று அது சொல்லும். இங்குள்ள முதலாளி தைத்துக் கொடுப்பார். இப்படி வேலையை வெளியே கொடுத்து வாங்குவதை அவுட்சோர்சிங் என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள்? இங்கே கூலி குறைவு. அதுதான் முதல் காரணம்.

அமெரிக்காவில் 1990இல் ஆடை ஆலைகளில் 9 லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 2010இல் 2 லட்சம் பேர்கூட இல்லை. அங்கே சட்டை மலிவாகக் கிடைக்கிறது. உண்மைதான். வேலை போனவருக்கு அது என்ன ஆறுதல்?

இங்கே வேலை வந்தது. பல பெண்கள் முதல்முறையாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் வேலை கடினம். ஒருத்தி காலர் மட்டும் தைப்பாள். இன்னொருத்தி கை மட்டும் தைப்பாள். ஒரு மணிக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. குறைந்தால் திட்டு விழும். கூலியை உயர்த்தக் கேட்டால், "ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்" என்பார்கள். குறைந்த கூலியைத் தேடி வந்த வேலை, இன்னும் குறைந்த கூலியைத் தேடிப் போகவும் செய்யும். 2020இல் கொரோனா பரவியபோது பல வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டர்களை ரத்து செய்தன. தையல் பெண்கள் பலருக்குச் சம்பளம் நின்றது.

ஆகவே இவர்களுக்கு பி.எப். பணம்தான் பெரிய சேமிப்பு. வேலை நின்றால் அதை எடுத்துச் சமாளிப்பார்கள். 2016இல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. முதலாளி கட்டிய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றது. ஐம்பத்தெட்டு வயதுவரை தையல் மிஷினில் யார் உட்கார முடியும்?

ஏப்ரல் 18ஆம் தேதி ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் சாலைகளில் இறங்கினார்கள். போக்குவரத்து நின்றது. போலீஸ் தடியடி நடத்தியது. மறுநாளும் அவர்கள் வந்தார்கள். இந்தப் பணத்துக்கு விதி போடுவது வெளிநாட்டுக் கம்பெனி அல்ல, நம் அரசு. ஆர்டர் போய்விடும் என்று யாரும் மிரட்ட முடியாது. ஏப்ரல் 19ஆம் தேதி அரசு அந்த உத்தரவை ரத்து செய்தது.