கூடாரத்தில் முதல் இரவு

கோடை விடுமுறையின் பின் வகுப்புகள் மீண்டும் தொடங்கும் முதற் சனிக்கிழமையில், "விடுமுறையில் நான்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்படி மாணவரைக் கேட்பது எமது வழக்கம். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாடசாலைத் தோழியர் பலரும் காட்டிற் கூடாரமடித்துத் தங்கி வந்தனர் என்றும், தானும் கேட்டபோது அம்மம்மா மறுத்துவிட்டார் என்றும் எழுதியிருந்தாள். அம்மம்மா சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்: "நாங்கள் தறப்பாளுக்குள்ள கிடந்தது காணாதே? இனிக் காசு குடுத்தும் போய்க் கிடக்கவேணுமே?"

அக்கேள்விக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. 1995 இல் வலிகாமத்தை விட்டும், 2009 இல் வன்னியை விட்டும் வெளியேறியோர் எம்மிடையே பலர் உளர். தறப்பாளின் மேல் மழை விழும் ஓசையை நாமும் அறிவோம். ஆயினும் இங்கு பிறந்த பிள்ளையின் ஆசையும் பிழையானதன்று.

"முகாம்" என்னும் சொல்லே எம்மவர் செவியில் வேறு பொருள் தருகின்றது. பெயர்ப் பதிவு, வரிசை, வேலி என்பன அதனுடன் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆதலால் இக்கட்டுரையில் "கூடாரவாசம்" என்ற சொல்லை ஆளுகின்றோம். துணியும் கயிறும் இரண்டிலும் உண்டு. ஆனால் கூடாரவாசத்துக்கு விரும்பிய நாளிற் செல்லலாம். பிடிக்காவிடில் அன்றிரவே வீடு திரும்பலாம். முதற் பயணத்தை, இந்தத் திரும்பும் வழி அடைபடாதவாறு திட்டமிட வேண்டும் என்பதே எமது கருத்து.

முதற் பயணத்துக்கே அல்கொன்குயின் பூங்காவை நாடுவோர் பலர். 1893 இல் நிறுவப்பட்டு, 7,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும் அக்காடு அழகானதுதான். எனினும் ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம். நள்ளிரவிற் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் என்செய்வது? அதனை இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம். ஸ்காபுரோவில் வசிப்போருக்கு 401 நெடுஞ்சாலையோரமாக போமன்வில் அருகிலுள்ள டார்லிங்டன் பூங்காவும், சிம்கோ ஏரிக்கரையிலுள்ள சிபால்ட் பொயின்ற் பூங்காவும், மிசிசாகாப் பகுதியினருக்கு ஓக்வில் அருகிலுள்ள புரொன்ரி கிறீக் பூங்காவும் போதுமானவை. டார்லிங்டனில் நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும் என்று குறை கூறுவர். அவ்விரைச்சலே சில அன்னையர்க்குத் துணிவு தருவதையும் கண்டுள்ளோம். இவ்விடங்களில் வாகனத்தைக் கூடாரத்தின் அருகிலேயே நிறுத்தலாம். நீரூற்றும் கழிப்பறையும் சுடுநீர்க் குளியலறையும் உண்டு. கழிப்பறைக்கு மிக அண்மையிலுள்ள இடத்தை மாத்திரம் தவிர்க்கவும்; இரவு முழுவதும் விளக்கும் காலடி ஓசையும் இருக்கும்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்னரே இடம் பதியலாம். யூலை நடுவிற் செல்ல விரும்புவோர், வெளியே பனி கொட்டும் பெப்ரவரியிலேயே பதிதல் நன்று. ஓர் இடத்தில் ஆறு பேரே தங்கலாம். ஒரே குடும்பத்தினராயின் விலக்குண்டு. மாமா, சித்தப்பா குடும்பங்களையும் அழைத்துச் செல்வோர் அடுத்தடுத்த இரண்டு இடங்களைப் பதியவேண்டும். எம்மைக் கேட்டால், நுளம்பு குறைந்து ஏரி நீரும் இதமாயிருக்கும் ஓகஸ்ட் பிற்பகுதியையே சிபாரிசு செய்வோம். முதன்முறைக்கு ஓர் இரவு போதும்.

கூடாரப் பெட்டியில் "நால்வருக்கு" என்று அச்சிட்டிருப்பின், நால்வர் தோளோடு தோள் நெருங்கிக் கிடக்கலாம் என்பதே அதன் பொருள். நால்வர் உள்ள குடும்பம் அறுவர் கூடாரம் வாங்குக. புறப்படுமுன் வீட்டுக் கொல்லையிலோ அயலிலுள்ள திடலிலோ ஒருமுறை அடித்துப் பார்த்தல் வேண்டும். முளை குறைந்திருப்பதை இருட்டிய பின் அறிவதிற் பயனில்லை. மேல்விரிப்பை உள்துணியிற் படாதவாறு இழுத்துக் கட்டுக. கீழே விரிக்கும் தறப்பாள் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீண்டிருந்தால், வழிந்த மழைநீரை அதுவே ஏந்தி அடியிற் சேர்க்கும். ஓரத்தை உள்நோக்கி மடித்துவிடல் வேண்டும். வன்னியில் நாம் கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டினோம். இங்கே பூங்கா நிலத்தை வெட்டலாகாது. எனவே சற்று மேடான இடத்தைத் தெரிவதே வழி.

இனி உறக்கத்துக்கு வருவோம். முதற் பயணத்தில் நாம் பட்ட பாடு இதுவே. காற்றுமெத்தை ஒன்றை ஊதி, மேலே மூன்று போர்வைகளைப் போர்த்துக்கொண்டு படுத்தோம். இரவு இரண்டு மணிக்குப் பற்கள் கிட்டின. குளிர் மேலிருந்து வருகின்றதென எண்ணி, வாகனத்திற் கிடந்த அங்கியையும் எடுத்துப் போர்த்தினோம். பயனில்லை, அது கீழிருந்தே வந்தது. உடலின் வெப்பத்தை நிலம் இடைவிடாது உறிஞ்சுகின்றது. சாதாரணக் காற்றுமெத்தையினுள் காற்று சுழல்வதால், அது குளிரைத் தடுப்பதில்லை. மடக்குக் கட்டிலும் அத்தகையதே. அதன் அடியிலும் காற்று ஓடுகின்றது. உறக்கப் பையின் பஞ்சும் உடற்பாரத்தால் நசுங்கி, முதுகின் கீழ் வலுவிழந்து போகின்றது. மலிவான நுரைப்பாய் ஒன்றை மெத்தையின் மேல் விரித்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது. கோடையிலும் ஏரிக்கரையில் விடியற்காலை வெப்பநிலை பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழிறங்குவதுண்டு. படுக்குமுன் பகலில் அணிந்த ஆடைகளை முற்றாகக் களைந்து, உலர்ந்த ஆடையும் காலுறையும் கம்பளித் தொப்பியும் அணிக. வியர்வை ஊறிய பருத்திச் சட்டை இரவிற் பகையாகும். கூடாரத்தின் காற்றுத் துவாரங்களை அடைத்துவிடாதீர்கள். மூச்சின் ஈரம் துணியிற் படிந்து சொட்டும்.

குளிர் தாங்காது கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்தினுள் கொண்டு செல்வோர் உண்டு. இதனை எந்நிலையிலும் செய்யலாகாது. காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே உயிர் துறப்பர். மழை பெய்து சமைக்க இயலாவிடின், பாண் உண்டு படுத்துவிடலாம்.

சமையலைப் பற்றி எமது தாய்மாருக்குக் கூறவேண்டியதில்லை. எனினும் முதல் நாள் மாலை அங்கே சமைக்கவேண்டாம் என்பது எமது பணிவான வேண்டுகோள். கட்டுச்சோறும் இடித்த சம்பலும் இதற்கென்றே எம் முன்னோர் கண்டவை. மறுநாளுக்கான இறைச்சிக் கறியை வீட்டிலேயே சமைத்து உறையவைத்தால், குளிர்பெட்டியில் அது பனிக்கட்டியின் பணியையும் ஆற்றும். இரவில் உணவு, பற்பசை, குப்பை யாவும் வாகனத்துள் பூட்டப்படல் வேண்டும். தென்பகுதிப் பூங்காக்களில் ரக்கூன்களும் வடக்கே கருங்கரடிகளும் மணத்தைத் தேடி வருவன. கருவாட்டை வீட்டிலே விட்டுச் செல்லுங்கள்.

விறகையும் வீட்டிலிருந்து கொண்டுசெல்ல வேண்டாம்; பூங்காவிலேயே வாங்குக. ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சைநிற வண்டொன்று 2002 இல் வின்சர் பகுதியிற் கண்டறியப்பட்டது. பட்டையின் அடியில் வாழும் அதன் புழுக்கள் விறகுடன் பயணம் செய்தே புதிய காடுகளைச் சென்றடைகின்றன. நுளம்பு மருந்தில் டீட் எனும் பொருளின் அளவைப் பார்த்து வாங்குக. இரண்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கு 10 வீதத்துக்கு மேற்படலாகாது என்பது கனடியச் சுகாதாரத் துறையின் அறிவுரை. புல்லில் விளையாடிய பிள்ளைகளின் முழங்காலின் பின்புறத்தையும் அக்குளையும் தலையையும் மாலையிற் சோதித்தல் வேண்டும். லைம் நோயைப் பரப்பும் உண்ணி எள்ளளவே இருக்கும்.

முதியோரை வற்புறுத்த வேண்டாம். பகல் அனுமதிச்சீட்டுப் பெற்று அவர்களை அழைத்து வந்து, நெருப்பருகே கதிரையிட்டு அமர்த்தி, இரவில் விருந்தினர் வெளியேற வேண்டிய நேரத்துக்கு முன் ஒருவர் வீட்டிற்கு அழைத்துச் செல்லலாம். இடம் அருகிலிருக்க வேண்டும் என நாம் கூறியதன் முதற் காரணம் இதுவே. அம்மாணவியின் குடும்பம் மறு ஆண்டில் அவ்வாறே செய்தது. அம்மம்மா அன்று தன் கையால் நெருப்பு மூட்டிக் கொடுத்து, தேநீரும் குடித்து, இருட்டும்வரை பேத்தியுடன் இருந்துவிட்டு வீடு சென்று உறங்கினாராம். கூடாரத்துக்குள் அவர் நுழையவில்லை.

வீடு திரும்பியதும் கூடாரத்தை ஒரு நாள் விரித்துக் காயவிடுங்கள். ஈரத்துடன் மடித்து நிலவறையில் வைத்தால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த கோடையில் எவரும் அதனுள் தலை நீட்ட இயலாது.