கம்பளத்தில் தேங்கும் தூசியும் நம் வீட்டு ஆரோக்கியமும்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். அரிசி, பருப்பு விற்றுப் பிழைக்கும் நமக்கு இது மற்ற எவரையும் விட அதிகம் பொருந்தும். ஆனால் கல்லாவையும் தராசையும் தினமும் துடைக்கிற வணிகர்களில் பலர், வீட்டுக் கூடத்தில் விரித்த கம்பளத்தை மாதக் கணக்கில் கவனிப்பதில்லை.

முன்பெல்லாம் விரிப்பு என்றால் கோரைப் பாய் அல்லது பவானி ஜமுக்காளம். உட்கார்ந்து எழுந்ததும் உதறிச் சுருட்டி வைப்பார்கள். அவ்வப்போது வெயிலில் காயும். தூசி தங்க இடமில்லை. இன்றைய கம்பளமோ ஒரே இடத்தில் கிடக்கிறது. அடர்ந்த நூல் இழைகளுக்குள் தூசி புதைந்துவிடுகிறது. மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வரிச்சிக்குடி போன்ற கடலோர ஊர்களில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. கடற்காற்று நுண்மணலையும் ஈரப்பதத்தையும் கொண்டு வருகிறது. கடையிலிருந்து கோதுமை மாவு, மிளகாய்த் தூள், சாக்கு நார் எல்லாம் நம் காலோடு உள்ளே வருகின்றன.

தூசிக்குள் இருப்பது என்ன?

வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களே அதன் உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. எனவே ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் அதற்குக் கொண்டாட்டம். அது கடிப்பதில்லை. ஆனால் அதன் கழிவு மூக்கில் ஏறினால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கொழுகல், இழுப்பு வரும். தரையில் தவழும் குழந்தைதான் இதை முதலில் சுவாசிக்கிறது.

துடைப்பமா, இயந்திரமா?

காய்ந்த துடைப்பத்தால் கம்பளத்தைப் பெருக்கினால் தூசி வெளியேறாது. எழும்பிப் பறந்து, சிறிது நேரத்தில் அதே இடத்தில் படியும். தூசியை உறிஞ்சி எடுக்கலாமே என்று யோசித்து, 1901-ல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் ஓர் இயந்திரம் செய்தார். அது குதிரை வண்டியில் இழுத்து வர வேண்டிய அளவு பெரியது. இன்று ஒரு கையால் தூக்கும் அளவில் வந்துவிட்டது. நம் நாட்டில் 1980களில் யுரேகா ஃபோர்ப்ஸ் விற்பனையாளர்கள் வீடு வீடாக வந்து வேக்குவம் கிளீனரை இயக்கிக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும்.

செய்ய வேண்டியவை:

• வாரம் இரண்டு முறை கம்பளத்தை உறிஞ்சி எடுங்கள். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள வாசல் பக்கத்துக்கு இன்னும் ஒரு முறை கூட்டலாம்.

• அவசரம் கூடாது. மெதுவாக நீள வாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை இழுங்கள். அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள்.

• தூசிப் பை முழுதும் நிறையும் வரை காத்திருக்க வேண்டாம். நிறைந்தால் இழுவை குறையும், மோட்டாரும் சூடாகும். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

• ஈரத்தையும் சாம்பிராணித் தணலையும் சாதாரண இயந்திரத்தில் இழுக்கக் கூடாது. மாவு கொட்டினால் முதலில் முறத்தில் அள்ளிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் இயந்திரம்.

• இழுப்பு உள்ளவர் அந்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டாம். அவர் படுக்கும் அறையில் கம்பளமே இல்லாதிருப்பது உத்தமம்.

இயந்திரம் எல்லாச் சிற்றுண்ணியையும் ஒழித்துவிடாது; உயிருள்ளவை இழையைப் பற்றிக்கொள்ளும். ஆகவே மழை விட்ட நாளில் கம்பளத்தை நல்ல வெயிலில் காயப்போடுங்கள். படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள்.

கடைக்கும் இதே மருந்து

வீட்டுக்கு வாங்கிய இயந்திரம் கடைக்கும் உதவும். அலமாரி இடுக்கில் தங்கும் மாவில்தான் செவ்வண்டு முட்டையிடுகிறது. ஒரு பெண் வண்டு சில நூறு முட்டைகள் இடும். நம் ஊர்ச் சூட்டில் சுமார் ஒரு மாதத்தில் அவை வண்டாகிப் புதுச் சரக்கில் ஏறும். இடுக்கு முனையைப் பொருத்தி அந்த மாவை உறிஞ்சி எடுத்தால் ரவை, மைதா மூட்டை தப்பும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2006) நம்மிடம் எதிர்பார்ப்பதும் இந்தச் சுத்தத்தைத்தான். மாவுத் தூசியை ஆண்டுக் கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வருவதுண்டு என்பதால் இது சிப்பந்திகளுக்கும் நல்லது.

செலவு என்ன ஆகும்?

1,200 வாட் இயந்திரம் அரை மணி ஓடினால் 0.6 யூனிட். வாரம் இரண்டு முறை என்றால் மாதம் சுமார் 5 யூனிட் ஆகும். இயந்திரம் வாங்க வசதி இல்லாதவர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம். அதுவும் முடியாதென்றால் கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு ஜமுக்காளத்தை விரியுங்கள். ஈரத் துணியால் தரையைத் துடையுங்கள்.

கெட்டுப்போன சரக்கைக் கழித்துவிடலாம். பிள்ளைகளின் மூச்சைக் கெடுத்துக்கொண்டால் எந்தக் கணக்கில் எழுதுவது?