இடுப்பு மூட்டு வலியும் பரிகாரமும்

குழித்தறியில் மிதிகட்டை மிதிப்போரும், குனிந்து நாற்று நடுவோருமாகிய நம் அங்கத்தினரிற் பலர், இடுப்பு மூட்டு வலியை வெகுநாள் பொறுத்திருந்து பின்னர்ப் படுத்துவிடுகின்றனர். ஓய்வொன்றே மருந்தாகாது என்பதை நாம் அறிதல் வேண்டும். அசையாதிருப்பின் மூட்டைத் தாங்கும் தசைகள் மெலியும். மெலிந்தால் வலி மிகும்.

ஆகவே இயன்முறை மருத்துவர் முதலில் தசைகளுக்கு வலுவூட்டுவார். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்குவது ஒரு பயிற்சி. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும், இடையில் விடலாகாது. ஊன்றுகோலை வலியில்லாத பக்கத்துக் கையிற் பிடித்தால் மூட்டின் சுமை குறையும். வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நெடுநாள் உட்கொள்வது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. தேய்மானம் முற்றியவர்க்கு மூட்டு மாற்று அறுவை உண்டு. 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி அதற்கு நல்வழி வகுத்தார்.

கீழே விழுந்தபின் காலை ஊன்ற இயலாவிடினும், காய்ச்சலுடன் வலித்தாலும், பயிற்சியில் இறங்காது உடனே மருத்துவமனை செல்க.