கோட்டாபய எதை மறுத்தார்? மன்னார் காற்றாலையும் ஜனாதிபதிகளின் வார்த்தைகளும்

மன்னாரில் காற்றாலை என்று பேச்செடுத்தால் பறவைகள், வெள்ளம், மீன்பாடு என்று பேச்சு போகும். அவை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதிகம் பேசப்படாத ஒன்று, இந்தத் தீவைப் பற்றிக் கொழும்பில் சொல்லப்பட்ட வார்த்தைகள். அவற்றில் ஒரு மறுப்பை மட்டும் எடுத்து, அது எதை மறுத்தது, எதை மறுக்கவில்லை என்று பார்ப்போம்.

2022 ஜூன் 9 ஆம் திகதி பாராளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தியது. பெரிய மின்னுற்பத்தித் திட்டங்களுக்குப் போட்டி விலைமனு கோரப்பட வேண்டும் என்ற தடை அதன் மூலம் நீங்கியது. அடுத்த நாள் கோப் குழுவின் முன் வந்த இலங்கை மின்சார சபையின் அப்போதைய தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, மன்னார் காற்றாலைத் திட்டம் பற்றிய கேள்விக்குப் பதிலளித்தார். அதானி குழுமத்துக்கு அதை வழங்குமாறு இந்தியப் பிரதமர் மோடி அழுத்தம் கொடுப்பதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தன்னிடம் கூறினார் என்பதே அந்தப் பதில். 2021 நவம்பரில் நடந்த கூட்டமொன்றின் பின் ஜனாதிபதி தன்னை அழைத்து அப்படிச் சொன்னதாக அவர் விளக்கினார்.

மறுநாள் கோட்டாபய ருவிற்றரில் மறுத்தார். இந்தத் திட்டத்தை எந்தவொரு குறிப்பிட்ட நபருக்கோ நிறுவனத்துக்கோ வழங்கத் தான் அதிகாரமளிக்கவில்லை என்பது அதன் சாரம். பெர்டினாண்டோவும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டதாகக் கூறித் தன் கூற்றை மீளப்பெற்றார். ஜூன் 13 ஆம் திகதி அவரது இராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது. மூன்றே நாட்களில் எல்லாம் முடிந்தது.

ஆனால் மறுப்பை இன்னொரு முறை வாசியுங்கள். பெர்டினாண்டோ சொன்னது ஒரு உரையாடலைப் பற்றி: ஜனாதிபதி என்னிடம் இப்படிக் கூறினார். ஜனாதிபதி மறுத்தது ஒரு அதிகாரமளிப்பை: நான் யாருக்கும் வழங்கச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. அழுத்தம் இருந்ததா, அதை அதிகாரியிடம் சொன்னாரா என்ற கேள்வியை அந்த ருவிற்றர் பதிவு தொடவே இல்லை. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் எந்தச் சட்டத்தரணியும் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. இங்கே கேட்பதற்கு ஆளில்லை. இராஜினாமாவோடு தலைப்புச் செய்தியும் மாறிவிட்டது.

இதைவிடச் சங்கடமானது ஒரு கடிதம். 2021 நவம்பர் 25 ஆம் திகதியிட்டு பெர்டினாண்டோ திறைசேரிச் செயலாளருக்கு எழுதியது. பின்னர் ஊடகங்களில் வெளியானது. அதானியின் முன்மொழிவை இந்திய அரசாங்கம் இலங்கை அரசாங்கத்துக்கு வைத்த முன்மொழிவாகக் கருதுவது பற்றியும், அந்த முதலீட்டுக்கு வழிசெய்யுமாறு ஜனாதிபதி பணித்தது பற்றியும் அது பேசுகிறது. கோப் குழுவின் முன் ஒருவர் பதற்றத்தில் தடுமாறலாம். ஆறரை மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் இருந்து எழுதிய கடிதத்துக்கும் அந்தக் காரணம் பொருந்துமா? அழுத்தம் இருந்தது என்பதற்கு இந்தக் கடிதம் மட்டும் போதிய ஆதாரமல்ல. ஆனால் மீளப்பெற்றதோடு கதை முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளவும் அது விடுவதில்லை.

2021 ஒக்டோபரில் கௌதம் அதானி கோட்டாபயவைச் சந்தித்ததும், 2022 மார்ச்சில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானதும் பொதுப் பதிவில் உள்ளவை. மன்னாருக்கு 250, பூநகரிக்கு 234 என மொத்தம் 484 மெகாவோட். 2024 மே மாதம் ரணில் விக்கிரமசிங்கவின் அமைச்சரவை ஓர் அலகுக்குச் சுமார் 8.26 அமெரிக்கச் சதம் கொடுக்க இணங்கியது. 2025 இல் மன்னாரிலேயே 50 மெகாவோட் திட்டமொன்று போட்டி விலைமனு மூலம் 4.65 சதத்துக்குப் போனது. விலைமனு இல்லாமல் பேசித் தீர்ப்பதன் பெறுமதியைக் கணக்கிட விரும்புவோருக்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

இது ராஜபக்ஷக்களின் வியாதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 செப்டம்பரில், தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், அனுர குமார திசாநாயக்க தொலைக்காட்சியில் அதானி திட்டத்தை நிச்சயம் ரத்துச் செய்வோம் என்றார். காரணமாகச் சொன்னது எரிசக்தி இறைமை. ஆட்சிக்கு வந்த பின், 2025 ஜனவரியில் அமைச்சரவை பழைய விலை அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டபோது, திட்டம் ரத்தாகவில்லை, விலைதான் மீளாய்வு என்று அரசாங்கத் தரப்பு விளக்கியது. இறைமை எப்போது சதக் கணக்கானது? கடைசியில் விலகியது அதானி நிறுவனம்தான், 2025 பெப்ரவரியில். வாக்குறுதி நிறைவேறியது போலத் தோன்றுகிறது. ஆனால் அதை நிறைவேற்றியவர் வாக்குறுதி கொடுத்தவரல்ல.

2025 ஓகஸ்டில் காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் வரத் தொடங்கியபோது மக்கள் வீதியில் இறங்கினார்கள். தம்பபவனியின் 30 காற்றாலைகளை 2020 முதல் பார்த்துவரும் மக்கள் அவர்கள். மழைநீர் வடிந்தோடும் வழிகள் அடைபட்டதாக அன்றிலிருந்து முறையிடுகிறார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் பணிகளை நிறுத்தினார். பிறகு தொடரச் சொல்லப்பட்டது. செப்டம்பர் 26 இரவு பொலிஸ் பாதுகாப்புடன் பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது மோதல் ஏற்பட்டது. மதகுருமார் உட்படப் பலர் தாக்கப்பட்டதாக மக்கள் கூறினர். 29 ஆம் திகதி மன்னார் ஹர்த்தாலில் முடங்கியது. மக்களின் சம்மதமின்றி இனிமேல் தீவில் புதிய காற்றாலைத் திட்டங்கள் இல்லை என்ற பணிப்பும் இதே காலத்தில்தான் வந்தது. அந்த வாக்கியத்திலும் கண் வைக்க வேண்டிய சொல் 'இனிமேல்'. சம்மதம் கேட்கப்படுவது வராத திட்டத்துக்கு, வந்துவிட்டதற்கு அல்ல.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, திட்டமொன்று தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்னரே பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு விபரங்களைத் தெரிவிக்கும் கடமையை அமைச்சருக்கு விதிக்கிறது. தனியார் முதலீட்டுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் வாதம் எழலாம். ஆனால் கொள்வனவு ஒப்பந்தங்களும் கூட்டக் குறிப்புகளும் அரச நிறுவனங்களின் கையில் இருப்பவை. 2021 நவம்பர் கூட்டத்தின் குறிப்பும் அப்படித்தான். பேசாலையில் இருந்தோ தாழ்வுபாட்டில் இருந்தோ யாரும் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும்.