மூன்றாவது ஓட்டு இல்லாத ஊரில் குப்பை லோரியை யாரிடம் கேட்பது?

தோட்டத்தை ஒட்டிய பல ஊர்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பெரிய சாலையோரத் தாமானில் காலையில் குப்பை லோரி வீட்டுக்கு வீடு நின்று போகிறது. சாலை முடிந்து செம்பனை தொடங்கும் இடத்தில் லோரி திரும்பிவிடுகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பழைய லயத்து வீடுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் குப்பையைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள், இல்லையென்றால் கொளுத்துகிறார்கள். மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொள்கிறது. அடுத்து கொசு, அதற்கடுத்து டிங்கிக் காய்ச்சல்.

“நாங்களும்தானே ஓட்டுப் போடுகிறோம், எங்களுக்கு மட்டும் ஏன் லோரி வருவதில்லை?” என்று அங்குள்ள பெரியவர்கள் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. அதற்கான பதிலில் இரண்டு விஷயங்கள் உள்ளன. முதலாவது, குப்பையையும் கால்வாயையும் பார்த்துக்கொள்ளும் ஊராட்சி மன்றத்துக்கு இந்த நாட்டில் யாருமே ஓட்டுப் போடுவதில்லை. இரண்டாவது, தோட்டம் தனியார் நிலம். இந்த இரண்டும் புரிந்துவிட்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் ஓட்டு இருந்தது

நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டு, சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டு. நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் மலாயா மக்கள் முதலில் போட்டது மூன்றாவது ஓட்டைத்தான். முதல் பொதுத் தேர்தல் 1955-இல் நடந்தது. அதற்கு முன்பே, 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைக் கழகத் தேர்தல்கள் நடந்துவிட்டன. 1957-இல் ஜோர்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது.

பட்டணத்தோடு இது நின்றுவிடவில்லை. அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் 1952-ஆம் ஆண்டின் உள்ளூர் மன்றச் சட்டத்தின்கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இயங்கின. ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டுத் தங்கள் ஊர் ஆள்களை மன்றத்தில் உட்கார வைத்தார்கள்.

இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், 1965 மார்ச் மாதத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அது தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொல்லப்பட்டது. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் வர வேண்டும் என்று அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. பிறகு வந்த 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171, தன் 15-ஆவது பிரிவில் ஊராட்சித் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது.

பிறகு அதைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு மாநிலம் முயன்றது. 2012-இல் மாநிலச் சட்டமும் இயற்றியது. அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கவுன்சிலர் எப்படி வருகிறார்?

தீபகற்பத்தில் சட்டம் 171 சொல்வது இதுதான். ஒவ்வொரு மன்றத்திலும் மேயர் அல்லது தலைவர் ஒருவர் இருப்பார். அவரோடு 8-க்குக் குறையாமலும் 24-க்கு மேற்படாமலும் கவுன்சிலர்கள் இருப்பார்கள். இவர்கள் அனைவரையும் நியமிப்பது மாநில அரசு. ஒரு நியமனம் மூன்றாண்டுக்கு மேல் போகாது, மறுபடியும் நியமிக்கலாம்.

கவுன்சிலர்களில் பெரும்பாலோர் அந்த மன்ற எல்லைக்குள் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஊராட்சி அனுபவம் உள்ளவர், தொழிலில் சிறந்து விளங்குபவர், தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கக்கூடியவர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கலாம். நடைமுறையில் ஆளும் கட்சிகள் தங்களுக்குள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆட்சி மாறினால் கவுன்சிலரும் மாறுகிறார்.

கிராமத் தலைவரும் அப்படித்தான், நியமனம். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர்கள் என்று தனியாகவே ஆள் நியமிக்கப்படுகிறார்கள். ஆகவே, உங்கள் வட்டாரத்துக்கு யார் பொறுப்பு என்பதை மன்ற அலுவலகத்திலோ சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலோ முதலில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் கவுன்சிலரின் பெயர் தெரியாமலே பல ஆண்டுகளாக வீட்டு வரி கட்டி வருபவர்கள் நம்மில் நிறையப் பேர்.

தோட்டத்தில் நிலைமை வேறு

தோட்டம் மன்ற எல்லைக்குள்ளேயே இருந்தாலும் அது தனியார் நிலம். அங்குள்ள சாலையும் கால்வாயும் விளக்கும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். குப்பை லோரி சந்தியிலேயே திரும்பிப் போவதற்குக் காரணம் இதுதான்.

அதற்காக யாருக்குமே பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது சட்டம் 446. தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தர வேண்டும், வீட்டைப் பழுது பார்த்து வைக்க வேண்டும், சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. லயத்துக் கூரை ஒழுகினால், கால்வாய் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தால், முதலில் நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். மன்ற அலுவலகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் அங்கே கிடைக்கும் பதில், “அது தோட்டத்து நிலம்” என்பதுதான்.

வேலையை விட்டு நின்ற பிறகும் லயத்திலேயே தங்கிவிட்டவர்களின் பாடுதான் கடினம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டிருக்கலாம், மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம். அவர்களுக்கு இப்போது முதலாளி இல்லை. அதனால் சட்டம் 446-இன் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைப்பது அரிது. சொந்த நிலமோ வீட்டு வரிக் கணக்கோ இல்லாததால் மன்றமும் அவர்களைத் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. இரண்டு பக்கமும் பேர் இல்லாதவர்கள் அவர்கள்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கொசு பெருகும் கைவிடப்பட்ட நிலத்தைப் பற்றி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் செய்வது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிலம் யாருடையதாக இருந்தாலும் அதன் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கலாம். இரண்டாவது வழி, தோட்ட எல்லையில் பொதுச் சாலையோரமாகப் பெரிய குப்பைத் தொட்டி ஒன்றை வைக்கச் சொல்லி மன்றத்துக்கு மனுக் கொடுப்பது. லோரி உள்ளே வர முடியாவிட்டாலும் தொட்டிவரை வரலாம். ஒரு வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கேட்பதைவிட எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

எந்தப் புகார் எங்கே?

குப்பை: இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். திடக்கழிவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களில் நடப்பில் உள்ளது. அங்கே குப்பை அள்ளுவது குத்தகை நிறுவனங்கள். அவற்றைக் கண்காணிப்பது எஸ்டபிள்யூ கார்ப் எனும் கூட்டரசு அமைப்பு. சிலாங்கூர், பேராக், பினாங்கு மாநிலங்கள் இந்தச் சட்டத்தில் சேரவில்லை. அங்கே ஊராட்சி மன்றத்தைத்தான் கேட்க வேண்டும்.

சாலை: பெரிய சாலைகள் ஜேகேஆர் எனும் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. தாமான் சாலைகள் மன்றத்தின் பொறுப்பு. தோட்டச் சாலை நிர்வாகத்தின் பொறுப்பு. குழி விழுந்த சாலை யாருடையது என்று தெரியாவிட்டால் மன்றத்தின் பொறியியல் பிரிவைக் கேளுங்கள்.

தெருவிளக்கு: தாமானில் மன்றத்தைக் கேட்க வேண்டும். கம்பத்துச் சாலைகளுக்குப் புறநகர் மேம்பாட்டு அமைச்சின் கம்பத் தெருவிளக்குத் திட்டம் இருக்கிறது. அதற்குக் கிராமத் தலைவர் வழியாகவோ மாவட்ட அலுவலகம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

எந்தப் புகாரையும் வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, இடம், படம் மூன்றும் இருக்கட்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார், போடாத புகாருக்குச் சமம். நீண்ட நாளாகியும் பதில் வரவில்லை என்றால் பொதுப் புகார்ப் பிரிவுக்குக் கொண்டு போகலாம்.

வரி கட்டுபவரின் உரிமை

வீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. பிப்ரவரி இறுதிக்குள் ஒன்று, ஆகஸ்டு இறுதிக்குள் ஒன்று கட்ட வேண்டும். மன்றம் வீட்டின் மதிப்பை உயர்த்திக் கடிதம் அனுப்பினால் பலர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறார்கள். ஆட்சேபிக்க உரிமை உண்டு. மறுஆய்வுக்கு என்று குறிப்பிட்ட தேதிக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்பு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் 171-இன் 142-ஆவது பிரிவு சொல்கிறது. கடிதத்தில் உள்ள தேதியை முதலில் பாருங்கள்.

இன்னோர் உரிமை பலருக்குத் தெரியாது. அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. கூட்டத்திலேயே தீர்மானம் போட்டால் ஒழிய கதவை அடைக்க முடியாது. செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. கூட்டத் தேதியை அலுவலகத்தில் கேட்டறிந்து நம் ஊர் ஆள்கள் நாலு பேர் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாலே போதும். நம் பகுதிக்கான கவுன்சிலர் அன்று வாய் திறக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

நம் கையில் உள்ள ஓட்டு

மூன்றாவது ஓட்டு இல்லைதான். ஆனால் கவுன்சிலரையும் கிராமத் தலைவரையும் நியமிப்பது மாநில அரசு. மாநில அரசைத் தேர்ந்தெடுப்பது நாம். ஆகவே நம் வீட்டுக் கால்வாயோடு நெருங்கிய சம்பந்தமுள்ள ஓட்டு சட்டமன்ற ஓட்டுத்தான். “நாடாளுமன்றம்தான் பெரிது, சட்டமன்றத்துக்கு வராவிட்டால் என்ன?” என்று வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் நினைப்பதுண்டு. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் வாசலுக்கு லோரி வருவதும் வராததும் அந்த ஓட்டோடு சேர்ந்ததுதான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளராகப் பதியப்படுகிறார்கள். பதிவு அடையாளக் கார்டின் முகவரியை வைத்துத்தான் நடக்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் பழைய தோட்ட முகவரியையே வைத்திருப்பவர்கள் ஜேபிஎன் அலுவலகத்தில் அதை மாற்றிக்கொள்ளட்டும். பிறகு தேர்தல் ஆணையத்தின் பக்கத்தில் தங்கள் தொகுதி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை சட்டமன்ற வேட்பாளர் வந்து கைகூப்பும்போது மூன்று கேள்விகள் கேட்போம். எங்கள் பகுதிக்கு எந்தக் கவுன்சிலரை நியமிப்பீர்கள்? அவர் எங்களை எங்கே, எப்போது சந்திப்பார்? சந்தியில் திரும்பும் லோரியை லயம்வரை கொண்டுவர என்ன செய்வீர்கள்? பதிலை எழுதி வைத்துக்கொள்வோம். தேர்தல் முடிந்து ஆறு மாதம் கழித்து, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்கு நாமே போவோம்.